தரை தொட்டது தெரியுதா?

ஆம்பூர்,
12.10.86

அன்புள்ள பொன்மலர் அக்காவுக்கு,

சம்பத் எழுதுவது. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்தீர்கள் என்றால் அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

நேற்று ஆஸ்பத்திரியில் வார்டு வாசலில் நின்றிருந்தேன். நீங்கள் ஃபிளாஸ்க்கோடு வந்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, "பேஷண்டோட அக்கா உங்களைப் போகச் சொல்றாங்க" என்றார். போய்விட்டேன். ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஐசக்குக்கு வாங்கிய சாத்துக்குடி இன்னும் என் மடியிலேயே இருப்பது தெரிந்தது.

ஐசக்குக்குப் பின்பக்கம் புண், ஜுரம், ஆபரேஷன்வரை போகலாம். இவ்வளவுதான் உங்கள் பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் சொன்னார்கள். "நீ செஞ்சு குடுத்த நாற்காலிதான் காரணம்னு டீச்சரம்மா சொல்றாங்கப்பா" என்றும் சொன்னார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் காபி கொடுத்துவிட்டு சர்ச் பாட்டுக்குழுவுக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் நான் என்ன செய்தேன் என்று நானே சொல்கிறேன். தப்பு எங்கே என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

உங்கள் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து அந்தச் சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாரே, டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு டி.வி.யில் விமானத்தின் முன்கண்ணாடியும் மீட்டர்களும் வருமே. முதல் நாள் ஐசக் விமானம் ஓட்டுகிற அந்த ஸ்டிக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓட்டினான். அப்புறம் வைத்துவிட்டு, "கண்ணு மட்டும்தான்டா பறக்குது. நான் வீல்சேர்லயேதான் இருக்கேன்" என்றான். காலேஜில் என்.சி.சி. ஏர் விங் கேம்ப்பில் எங்களை ஒரே ஒரு தடவை இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கி வந்த ஐசக், "சீட்டு வழியாத்தான்டா எல்லாம் தெரியுது" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அது எனக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

சீட்டுக்கு அடியில் இரண்டு தோல் துருத்தி. ஸ்டிக்கைச் சாய்த்தால் ஒன்றில் காற்று ஏறும், மற்றதில் இறங்கும், நாற்காலி சாயும். காற்றுக்கு எங்கள் தோல் ஃபேக்டரியில் கலர் ஸ்ப்ரே அடிக்கிற செக்ஷனின் பழைய கம்ப்ரசர். மேஸ்திரி அப்துல் கஃபார் பாய் கழித்துப்போட்டதைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் சத்தத்தை ஒயரில் இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்து அதன் காந்தத்தையும் சுருளையும் சீட்டுப் பலகையில் முடுக்கினேன். இன்ஜின் சத்தம் அப்படியே அதிர்வாகச் சீட்டில் ஏறும். சக்கரம் ரன்வேயில் படும்போது சீட்டில் ஒரு குத்து விழும்.

ஒவ்வொரு தடவையும், "தரை தொட்டது தெரியுதா?" என்று கேட்பேன். "தெரியுது, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு" என்பான். பண்ணுவேன். ஸ்பாஞ்சு மெத்தை அதிர்வைக் குடித்துவிடுகிறது என்று அதை எடுத்துவிட்டு, செருப்புக்கு அடியில் போடுகிற கெட்டியான சோல் லெதரை இழுத்து அடித்தேன். ஓர் ஆணிகூட வெளியே நீட்டாது. நானே கையால் தடவிப் பார்த்தேன்.

என்ன தப்பு அக்கா? ஏதாவது முனை குத்தியதா? குத்தியிருந்தால் அவன் சொல்லியிருப்பானே.

சம்பத்

*

தோட்டப்பாளையம், வேலூர்,
15.10.86

சம்பத்துக்கு,

குத்தியிருந்தால் சொல்லியிருப்பானே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவனுக்குத் தெரியாது. பள்ளிகொண்டா கிட்ட அந்த லாரி மோதின நாளிலிருந்து தொப்புளுக்குக் கீழே அவனுக்கு எதுவுமே தெரியாது. கால் அசையாது என்பதோடு முடிந்த விஷயமா அது? கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாலும் தெரியாது. ஆணி ஏறினாலும் தெரியாது. நீ சீட்டில் அடித்த குத்து, இன்ஜின், ரன்வே, ஒன்றும் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் தோலுக்குத்தான் அடி.

உட்கார்ந்தால் கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நாலு அங்குல மெத்தை இல்லாமல் எதன்மேலும் உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நீ அந்த மெத்தையை உருவி எடுத்து, செருப்புத் தோலில் உட்காரவைத்து, கீழே இருந்து இடித்திருக்கிறாய். அவன் விளையாட்டு மும்முரத்தில் உடம்பைத் தூக்கவே இல்லை. லுங்கியில் கறை பார்த்துத்தான் நான் கண்டுபிடித்தேன். டாக்டர் உள்ளே விட்டுப் பார்த்த கருவி நாலு விரல் ஆழம் போனது. எலும்புவரைக்கும் புண்.

டிப்ளமோ படித்தவன் நீ. ஒரு மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அது எதைத் தாங்கும் என்று பார்க்க மாட்டாயா?

நீ வர வேண்டாம். நாற்காலியை எடுத்துப் போகவும் வர வேண்டாம்.

பொன்மலர்

*

ஆம்பூர்,
19.10.86

அக்கா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

கால் வராது என்று தெரியும். நடக்க மாட்டான் என்று தெரியும். தொட்டால் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. அவன் இடுப்புவரை போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நான் ஸ்டிக்கையும் ஒயரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் போர்வைக்குக் கீழே என்னவென்று உங்களிடம் எப்படிக் கேட்பேன்? அவனிடம்தான் எப்படிக் கேட்பேன்? நீங்களும் சொல்ல மாட்டீர்கள். வீட்டுக்கு வந்தவனிடம் தம்பியின் மூத்திரம், மலம், மரத்துப்போன உடம்பு பற்றியெல்லாம் ஒரு பெண் பேசுவாளா? நாம் மூன்று பேரும் மரியாதையாக இருந்தோம் அக்கா. அந்த மரியாதை அவனுக்கு எலும்புவரை போய்விட்டது.

பழியை உங்கள்மேல் தள்ளுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் குற்றம் எனக்குத் தெரியும். ஆக்சிடெண்ட் ஆன புதிதில் ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்க வந்தேன். கட்டில் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான். நான் எதையோ உளறிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலே இந்தப் பக்கமே வரவில்லை. வேலை ஜாஸ்தி, லீவு கம்மி என்று எல்லாரிடமும் சொன்னேன். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அப்போது எனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. கையில் வேலை இருந்தால் யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியும். சும்மா உட்காரத்தான் தைரியம் கிடையாது.

அந்த ஒரு வருஷத்துக்குப் பரிகாரமாகத்தான் அந்த நாற்காலியைச் செய்தேன். பரிகாரம் நன்றாகத்தான் ஆயிற்று.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை என்றால் அவன் ஏன் தெரியுது, தெரியுது என்றான்?

ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்பார்களாமே. நான் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன். வார்டுப் பக்கம் வர மாட்டேன்.

சம்பத்

*

தோட்டப்பாளையம்,
23.11.86

பிரியமுள்ள சம்பத்துக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடைச் சதையைத் திருப்பிப் புண்ணை மூடியிருக்கிறார்கள். தையல் பிடித்துக்கொண்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ரத்த வங்கிச் சீட்டில் உன் பேரைப் பார்த்தேன். சொன்னபடியே வந்து கொடுத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறாய். வராதே என்றால் இப்படியா அட்சரம் பிசகாமல் கேட்பது? என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

உனக்கு எழுதிய போன கடிதத்தில் நான் ஒன்றை எழுதவில்லை. மெத்தை சுவரோரம் சாய்ந்து நிற்பதை நான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன். கேட்டால் நீ மெத்தையைத் திரும்பப் போடுவாய், அவன் முகம் வாடும், அவனோடு மல்லுக்கட்ட வேண்டும், நான் பாட்டுக்குழுவுக்குப் போக முடியாது. அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது, சம்பத். அவன் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா? இப்போது நினைத்தால் கூசுகிறது.

தினமும் சாயங்காலம் கண்ணாடி வைத்து அவன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "இன்னைக்கு வேணாம்க்கா, டயர்டா இருக்கு" என்பான். எனக்கும் டயர்டு. சரி என்றுவிடுவேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை எழுப்பி நிறுத்துகிறவள் நான். என்னை யார் எழுப்பி நிறுத்துவது?

அதனால் உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது.

ஐசக் குப்புறப் படுத்திருக்கிறான். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நாள்பூரா பேசுவதில்லை. சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்கிறான். ஜெபம் பண்ணட்டுமா என்றால், "நீ பண்ணு" என்கிறான். தெரியாததைத் தெரியுது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. புண் ஆறுகிறது, ஆள் கரைந்துகொண்டே போகிறான்.

வீட்டுக்குப் போனாலும் இன்னும் சில மாதம் உட்காரவே கூடாதாம். இங்கே சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர் உண்டு. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு கையாலேயே தள்ளிக்கொண்டு வராந்தாவில் போகிறார்கள். நேற்று ஓர் ஆள் அப்படி வேகமாகப் போனதைப் பார்த்து எனக்கு ஒன்று தோன்றியது. உன்னிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

குப்புறப் படுத்துக்கொண்டு விமானம் ஓட்ட முடியுமா?

பொன்மலர் அக்கா

*

ஆம்பூர்,
30.11.86

அக்கா,

முடியாது. மன்னித்துவிடுங்கள்.

அவன் உடம்பில் படுகிற மாதிரி இனி ஒரு ஸ்க்ரூகூட நான் முடுக்க மாட்டேன். எங்கள் ஃபேக்டரியில் ஸ்டேக்கிங் மெஷின் என்று ஒன்று உண்டு. காய்ந்து விறைத்த தோலைக் குத்திக் குத்தி மெதுவாக்கும். பக்கத்தில் நின்றால் அதன் அதிர்வு தரை வழியாகக் காலில் ஏறும். அதில் நின்றுதான் எனக்கு நாற்காலி யோசனையே வந்தது. இப்போது அந்தப் பக்கம் ரிப்பேருக்குக் கூப்பிட்டால் வேறு ஆளை அனுப்புகிறேன். அந்தத் தோலைப் பார்த்தால் அவன் தோல் ஞாபகம் வருகிறது.

கஃபார் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அட போ தோஸ்த், சும்மா பேஜார் பண்ணாத. நீ கெடுத்தத நீ சரி பண்ணாம வேற எவன் வந்து பண்ணுவான்?" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

செய்வதற்காகக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அவனுக்குத் தோள்பட்டையிலும் நெஞ்சிலும் முழு உணர்ச்சி இருக்கிறதா? குப்புறப் படுத்தால் எடை நெஞ்சில் இறங்குமா, இடுப்பு எலும்பில் இறங்குமா? அந்த ஸ்ட்ரெச்சர் எவ்வளவு அகலம்? ஸ்டிக்கைப் பிடிக்க முழங்கையை மடக்க இடம் இருக்குமா? நெஞ்சுப்பக்கம் பலகையும் இடுப்புப்பக்கம் பலகையும் தனித்தனியாக இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொள்வார்களா?

சும்மாதான் கேட்கிறேன்.

சம்பத்

*

தோட்டப்பாளையம்,
7.12.86

சம்பத்துக்கு,

உன் கடிதத்தில் முதல் பாதி மாட்டேன் என்கிறது, இரண்டாம் பாதி தச்சனுக்குக் கொடுக்கிற அளவு மாதிரி இருக்கிறது. நான் இரண்டாம் பாதியை ஆஸ்பத்திரியில் அவனுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோ சிஸ்டரிடம் காட்டினேன். தொப்புளுக்கு மேலே முழு உணர்ச்சி உண்டு. நெஞ்சுக்கும் தொடைக்கும் தலையணை கொடுத்து, இடுப்பு எலும்பு எதிலும் படாமல் தொங்குகிற மாதிரி படுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே துளி அதிர்வும் போகக் கூடாது. செய்து முடித்ததும் முதலில் அந்த சிஸ்டரே படுத்துப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் ஐசக்.

அளவுகள் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தையல் டேப்பில் எடுத்தது.

அக்கா

*

ஆம்பூர்,
18.1.87

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு ஐசக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று முனவ்வர் பேகம் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கஃபார் பாய் நாளை ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிக்கொண்டு போகிற வேனில் இதை உங்கள் வீட்டில் இறக்குவார். கூட ஓர் ஆள் வந்து மாட்டிக்கொடுப்பான்.

நெஞ்சுப் பலகை வேறு, கால் பலகை வேறு. நடுவில் இடுப்புக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். நெஞ்சுப் பலகை மட்டும்தான் துருத்திமேல் நிற்கிறது, அதுவும் கொஞ்சம்தான் சாயும். அதிர்வு தோளில் மட்டும். கால் பலகைமேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, இன்ஜினை முழுசாக வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. எல்லா இடத்திலும் ஸ்பாஞ்சு, அதற்குமேல் கையுறை தைக்கிற மெல்லிய ஆட்டுத் தோல். டி.வி.யை முக்காலியில் தாழ்வாக வையுங்கள், அப்போதுதான் கழுத்து வலிக்காது.

நான் தினமும் இதில் குப்புறப் படுத்தேன். எழுந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். என் அம்மா, "இன்னாடா இது, பைத்தியம் கியித்தியம் புடிச்சுதா?" என்றாள். எனக்கு ஒன்றும் சிவக்கவில்லை. ஆனால் எனக்கு உணர்ச்சி இருக்கிறது, நான் புரண்டு படுத்துவிடுவேன். அதனால் நான் சொல்வதை நம்பாதீர்கள். கண்ணாடி பாருங்கள். அவன் வேண்டாம் என்றாலும் பாருங்கள்.

நான் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆகவில்லை.

சம்பத்

*

தோட்டப்பாளையம்,
27.1.87

பிரியமுள்ள சம்பத்துக்கு,

பிசியோ சிஸ்டர் வந்து படுத்துப் பார்த்தார்கள். எழுந்து, "எனக்கே தூக்கம் வருது டீச்சர்" என்றார்கள். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், அதற்குமேல் கூடாது என்றார்கள்.

நேற்று குடியரசு தினம், பள்ளியில் கொடி ஏற்றிவிட்டு வந்து கேசட்டைப் போட்டேன். முதலில் அவன் மாட்டேன் என்றான். அப்புறம் ஸ்டிக்கைப் பிடித்தான். விமானம் கிளம்பும்போது அவன் தலையைத் தூக்கினான் பார், ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் தலையைத் தூக்கி நான் பார்க்கவே இல்லை. இறங்கினதும், "தெரியுதுக்கா" என்றான். நான் திரும்பிக்கொண்டு அழுதுவிட்டேன். அப்புறம் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. இரண்டு வாய்க்குமேல் சாப்பிட்டான்.

"அவன் இன்னா, சாமானை மட்டும் வேன்ல ஏத்தி அனுப்பிட்டான்?" என்று கேட்டான். என் கோபத்தில் மிச்சமிருந்த பாதியும் நேற்றோடு தீர்ந்தது. நீ வா.

அக்கா

*

ஆம்பூர்,
1.2.87

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட முடியவில்லை. அவன் தெரியுது என்றானாம். அந்தச் சொல்லை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறேன்! அதை நம்பித்தானே ஜாஸ்தி பண்ணினேன். இப்போது தோளிலும் தெரியாமல், நமக்காகத் தெரியுது என்கிறான் என்றால்? நாளைக்கு அவன் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி என்பான், நீங்கள் அழுதுகொண்டே ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகுவீர்கள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் தோளுக்குப் போகிற அதிர்வு நின்றுவிடும், டி.வி. சத்தம் அப்படியே வரும். அவனுக்குத் தெரியாமல் ஒரு தடவை அணைத்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். தரை தொட்டது தெரியுதா என்று கேளுங்கள். அப்போதும் தெரியுது என்றால் அந்தப் பலகையை உடைத்து அடுப்பில் வைத்துவிடுங்கள். நான் இனி எதையும் செய்ய மாட்டேன். வரவும் மாட்டேன்.

சோதனை வைப்பது பாவம்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சம்பத்

*

தோட்டப்பாளையம்,
9.2.87

பிரியமுள்ள சம்பத்துக்கு,

நீ சொன்னபடி நேற்று செய்தேன். சர்ச்சிலிருந்து வந்ததும் செய்தேன், அதுவேறு உறுத்துகிறது.

முதல் தடவை சுவிட்சைத் தொடவில்லை. அவன் தலைமாட்டில் நின்று அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கிச் சக்கரம் தரையில் பட்டது. தோள் ஒரு துள்ளு துள்ளியது. முழங்கைவரை மயிர் சிலிர்த்து நின்றது. "தெரியுது" என்றான். அப்படிச் சிலிர்ப்பதை யாரும் நடிக்க முடியாது, சம்பத். நீ செய்தது வேலை செய்கிறது. அதை முதலில் தெரிந்துகொள்.

இரண்டாவது தடவை அணைத்தேன். விமானம் இறங்கியது. தோள் அசையவில்லை, கையில் ஒன்றும் இல்லை. அவன் டி.வி.யையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான், "தரை தொட்டது தெரியுதாடா?" என்றேன்.

"தெரியுதுக்கா. முன்னத்தவிட இப்ப நல்லா இருக்கு" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. மூடி மறைக்க மனசு வரவில்லை. "சுவிட்ச அணைச்சிட்டேன்டா. சம்பத்துதான் அணைக்கச் சொன்னான். ஏன்டா இப்பவும் பொய் சொல்ற?" என்று கேட்டேன்.

கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. தலையைப் பலகையில் சாய்த்துக்கொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"அவன் மொதல் தடவ நாற்காலிய மாட்டிட்டு, தெரியுதான்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொன்னா இன்னா ஆவும்? இது ஒத்துவரலன்னு கழட்டி எடுத்துட்டுப் போய்டுவான். அப்புறம் எதுக்கு வருவான்? சும்மா என்னைப் பாக்க அவனால முடியாதுக்கா. ஒரு வருஷம் வரலியே. அதனால தெரியுதுன்னேன். முழுசா சரியாய்ட்டாலும் வர மாட்டான், அதனால இன்னும் கொஞ்சம் ஜாஸ்தின்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடுவான்."

"இப்ப எதுக்குடா சொன்ன?" என்றேன்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அவன் செஞ்சது மறுபடியும் தப்பாய்டுச்சுன்னு தெரிஞ்சா, இந்த ஜென்மத்துல இந்தப் பக்கம் வருவானா?"

இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எழுதினால் நீ உடைந்துபோவாய் என்று தெரியும். நானும் உடைந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே செருப்பு மாட்டினவள் நான். அவன் எதற்காகச் சிரித்தான் என்று எனக்கும் தெரியவில்லையே. ஆனால் எழுதாவிட்டால் நீ இன்னும் பத்து வருஷத்துக்கு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே இருப்பாய், அவன் தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

பலகையை நான் உடைக்கப் போவதில்லை. அவனுக்கு அது பிடித்திருக்கிறது, நிஜமாகவே தெரிகிறது, கால் மணி நேரம் பறக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வா. அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவைக்கப் போகிறேன். நானும் எங்கேயும் போகப் போவதில்லை. அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைக்கிறேன், அதில் உட்கார். மூத்திரப் பை கட்டில் ஓரத்தில்தான் தொங்கும், அதை மறைத்து வைக்க மாட்டேன். பார்த்துவிட்டு எழுந்து போகாதே. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திரு.

அக்கா